எங்கள் வீட்டுப் பெரட்டு

1

கடல் தாண்டிப் போனவன் ஊருக்கு எழுதினால் அதில் பாதி பெருமையாகத்தான் இருக்கும். எங்கள் ஈப்போ ரயில் நிலையம் அரண்மனை மாதிரி இருக்கிறது, சாலையில் தூசி கிடையாது, குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது என்று நானும் அளந்திருக்கிறேன். குழாய்க்கு முன்னால் வாளியோடு நிற்கும் கூட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இந்தக் குறிப்பில் அந்தப் பாக்கியைக் கொஞ்சம் தீர்க்கலாம் என்று பார்க்கிறேன்.

போன வருஷம் எங்கள் ஊர்ப்பக்கத்து நண்பர் ஒருவர் வியாபார விஷயமாகப் பினாங்குக்கு வந்தார். வந்தவர் அப்படியே ரயிலேறி ஈப்போவுக்கும் வந்து எங்கள் வீட்டில் தங்கினார். மறுநாள் விடிகாலையில் என் குரல் கேட்டு எழுந்து வந்தவர், அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். என் பிள்ளைகள் மூவரும் உயர வாரியாக வரிசையில் நிற்கிறார்கள். நான் பெயர் கூப்பிடுகிறேன்.

"தண்டபாணி."

"இருக்கேன்பா."

"தண்ணி."

"சரிங்கப்பா." பெரியவன் வாளிகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறான்.

"வள்ளி."

"இருக்கேன்பா."

"அடுப்பு, அரிசி, துணி."

"சரிங்கப்பா."

"முத்து."

"இருக்கேன்பா."

"விளக்கு, வாசல்."

கடைக்குட்டி, விளக்குச் சிம்னி துடைக்கக் கந்தைத் துணி தேடி ஓடுகிறான். கொஞ்ச நேரத்தில் அடுப்படி காலி. நண்பர் வாயைப் பிளந்தார்.

"என்னங்க இது, பட்டாளமா? எங்க வீட்டுல ஒரு செம்புத் தண்ணி கேட்டா ஆளுக்கொரு மூலைக்கு ஓடுறானுங்க. இதை நீங்க எழுதணும். நம்ம பக்கத்துப் பத்திரிகைக்கு எழுதுங்க. பிள்ளை வளர்க்கிறது எப்படின்னு நம்ம சனங்க தெரிஞ்சுக்கட்டும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் போன பிறகு உட்கார்ந்து, 'பிள்ளைகளுக்குப் பொறுப்புக் கற்பிக்கும் முறை' என்று தலைப்பெல்லாம் போட்டேன். ரயிலடியில் வேலை நெருக்கடி, அதற்கு மேல் ஓடவில்லை. ஓடாமல் போனதே நல்லது. இப்போது எழுதுவது அவர் கேட்டது அல்ல.

2

பெரட்டு என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவுக்கு வருவதற்கு முன்னால் நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். கிராணி என்பவன் துரைக்கும் கூலிகளுக்கும் நடுவில் பேனாவோடு நிற்கிறவன்; இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு வாங்குகிற உத்தியோகம். தோட்டத்தில் பொழுது விடிவதற்கு முன்னால் மணி அடிப்பார்கள். லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து சனங்கள் கொட்டாவி விட்டபடி வந்து ஆபீசுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். இதுதான் பெரட்டு. நான் அரிக்கன் விளக்கை உயர்த்திப் பிடித்துப் பெயர் கூப்பிடுவேன். பெயருக்குக் குரல் வந்தால் அன்றைக்கு வேலை உண்டு. குரல் வராவிட்டால் இல்லை.

பால் வெட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு நிரை. இந்த மர வரிசைகள் இன்னாருடையவை என்று பிரித்துவிட்ட பங்குக்கு நிரை என்று பெயர். ஒருத்தர் நிரையில் இன்னொருத்தர் உளி வைக்கக் கூடாது. தப்பாக வெட்டினால் பட்டையில் காயம் பட்டு மரம் கெட்டுப் போகும். கெடுத்தது யார் என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா? அதனால் பக்கத்து நிரையில் பால் பிடிக்கும் மங்கு நிறைந்து பால் தரையில் வழிந்தாலும் பார்த்துக்கொண்டே தாண்டிப் போக வேண்டியதுதான். அதற்கு வேறு ஆள் இருக்கிறாள்.

அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. தோட்டத்தில் நடந்த மற்ற காரியங்களைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. பனியில் நடுங்கிக்கொண்டு நின்ற பிள்ளைத்தாய்ச்சியையும் பெயர் கூப்பிட்டு அனுப்பத்தான் செய்தேன். ஆனாலும் அத்தனை பேர் அரை இருட்டில் வந்து நின்று, சத்தம் சண்டை இல்லாமல் ஆளுக்கொரு பக்கமாகக் காட்டுக்குள் பிரிந்து போவதைப் பார்க்கும்போது, உலகத்தில் எல்லாமே இப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. துரை ஆட்களைக் குறைத்தார். லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிப் போனார்கள். என் பேனாவும் வேண்டாததாகிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஈப்போ ரயிலடியில் சரக்குக் கொட்டகையில் எழுத்து வேலை கிடைத்தது. மூட்டை முடிச்சுகளோடு பட்டணத்துக்கு வந்தோம். பெரட்டையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

3

என் மனைவி செல்லம்மாள் மன்னார்குடிப் பக்கத்துப் பெண். அவள் வீட்டு வேலை செய்கிற தினுசே வேறு. கை சும்மா இருக்கிறவர்கள் செய்ய வேண்டியது, அவ்வளவுதான். "யாராவது பாலை இறக்குங்க" என்று குரல் கொடுப்பாள். "யாராவது கோழியைத் துரத்துங்க." எப்படியோ பால் இறங்கிவிடும், கோழியும் ஓடிவிடும். யார் செய்தது என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவிருக்காது. ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தால் அதற்கும் ஆள் அகப்படாது. இந்த 'யாராவது' என்ற சொல்லே எனக்கு ஆகாது. தோட்டத்தில் 'யாராவது' என்று ஒரு கூலி கிடையாது.

பட்டணத்துக்கு வந்த பிறகு எனக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. இங்கே கொஞ்சம் சம்பளம் வாங்குகிற நம்மவர்கள் வீட்டுக்குச் சீன ஆயா வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் தின்ற தட்டை நகர்த்துவதில்லை. அப்பனோடு இங்கிலீஷ், ஆயாவோடு மலாய், அம்மாவோடு பேச்சே இல்லை. என் பிள்ளைகளும் அப்படிப் போய்விடக் கூடாது. பொறுப்பு என்பது கையில் படிய வேண்டும், வாயால் சொல்லி வராது என்று எனக்கு ஒரு கொள்கை. ஒரு நல்ல நாள் பார்த்து வீட்டில் பெரட்டை ஆரம்பித்தேன்.

செல்லம்மாள் அடுப்பை விட்டு எழுந்திருக்காமலே கேட்டாள். "இது என் அடுப்படியா, உங்க ஆபீசா?"

"பிள்ளைங்களுக்குப் பொறுப்பு வர வேண்டாமா?"

"வரட்டும். வரிசையில நின்னாத்தான் வரும்னு யாரு சொன்னா?"

நான் சிரித்து மழுப்பினேன். தண்டபாணிக்குத் தண்ணீர், வள்ளிக்கு அடுப்பும் அரிசியும் துணியும், முத்துவுக்கு விளக்கும் வாசலும் என்று நிரை பிரித்தேன். செல்லம்மாளை வரிசையில் நிறுத்தவில்லை. பிரித்ததுபோக மிச்சம் எதுவோ அதெல்லாம் அவளுடையது என்று மனதில் ஒரு கணக்கு. அவள் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

முதலில் தகராறுதான். முத்துவுக்கு அண்ணன் வாளி மேல் ஆசை. ஒருநாள் தண்டபாணி திரும்பி வருவதற்குள் இவன் சின்னக் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய், வரும் வழியில் போட்டு உடைத்துவிட்டான். அம்மாவுக்கு ஒத்தாசை செய்யத்தான் போனான். நான் அவனை நிறுத்தி, "உன் நிரை எது?" என்று கேட்டேன். "விளக்கு, வாசல்பா." "அடுத்தவன் நிரையில ஏன் கை வச்சே?" அவன் முகம் சுண்டிப்போயிற்று. அடிக்கவில்லை. அடிக்காமல் திருத்திவிட்டேன் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதற்கப்புறம் ஒருவரும் ஒருவர் வேலையில் கை வைத்ததில்லை.

வீடு நாளாக நாளாகப் பளபளத்தது. அதை மறைக்க முடியாது. தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும். சிம்னியில் ஒரு கறை இருக்காது. அடுத்த வீட்டில் ஒரு சீனத்து விதவை இருந்தாள். சோயா மொச்சையை அரைத்துத் தவ்வு என்கிற கட்டி செய்து சந்தையில் விற்கிறவள். பிள்ளைகள் அவளை ஆசாம் என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பாஷையில் சித்தி மாதிரி ஒரு முறை. அவள்கூட முத்து வாசல் பெருக்குவதைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

4

ஒரு மத்தியானம் நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். இந்தப் பேராக் சீமையின் மழை உங்களுக்குத் தெரியாது. வானம் கறுத்தால் கொடியை நோக்கி ஓட வேண்டும், யோசிக்க நேரமில்லை. நான் தெருமுனையில் வரும்போதே கொட்ட ஆரம்பித்துவிட்டது. நனைந்து வந்து பார்க்கிறேன், கொடியில் அத்தனை துணியும் சொட்டச் சொட்டத் தொங்குகிறது. தண்டபாணியும் முத்துவும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செல்லம்மாள் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். வள்ளி பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை.

"ஏண்டா, துணி நனையுதே?"

"ஆமாப்பா, நனைஞ்சிருச்சு லா," என்றான் தண்டபாணி, இந்த ஊர் 'லா' போட்டு. "வள்ளிதான் இன்னும் வரல."

அவன் குரலில் குறும்பு இல்லை. என்னைப் பார்த்த பார்வையில், இதைச் சரியாகக் கவனித்துச் சொன்னேன் பார் என்கிற திருப்திகூட இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைத்தது வேறு. வள்ளி வந்ததும், மழை மூட்டம் தெரிந்தால் நேரத்தோடு வரக்கூடாதா என்று அவளைத்தான் கண்டித்தேன்.

செல்லம்மாள் ஈரத் துணிகளை உள்ளே கொண்டுவந்து திரும்பப் பிழிந்தாள். "எல்லாத்தையும் பிரிச்சுக் குடுத்துட்டீங்க. மழையை யாருக்குப் பிரிச்சுக் குடுத்தீங்க?" என்றாள். நல்ல பேச்சு என்று நினைத்துக்கொண்டு ரயிலடியில் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

5

இனி எழுதப்போவது எழுதக் கூசுகிறது. ஆனாலும் இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

பள்ளிக்கூடம் இல்லாத நாள் அது. காலையில் செல்லம்மாள், உடம்பு கணகணவென்று இருக்கிறது, கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்றாள். படுத்துக்கொள் என்றேன். இந்தச் சீமையில் குளிர்காய்ச்சல் வராத வீடு கிடையாது, வரும் போகும் என்ற அலட்சியம். வழக்கம்போலப் பெரட்டு நடத்திவிட்டு ரயிலடிக்குப் போனேன். பிள்ளைகள் மூவரும் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தார்கள்.

சாயங்காலம் திரும்பினேன். வாசல் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மூவரும் வந்து நின்றார்கள்.

"தொட்டி நிறைச்சாச்சுப்பா."

"சோறு ஆச்சு, துணி மடிச்சாச்சு."

"விளக்கு தொடச்சாச்சு. வாசலும் கூட்டியாச்சு."

"அம்மா எங்கே?"

"படுத்திருக்காங்க," என்றாள் வள்ளி.

உள்ளே போனேன். ஆசாம் செல்லம்மாளின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் வீட்டுப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர். செல்லம்மாளின் உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தும் என்னைத் தெரிந்துகொண்டதாகத் தோன்றவில்லை. ஆசாம் கோபமாகத்தான் பேசினாள். அவளுக்குத் தெரிந்த சந்தை மலாயில், "ஆயர் தடா ஓராங் காசி லா," என்றாள். தண்ணீர் கொடுக்க ஓர் ஆள் இல்லை என்று அர்த்தம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனகல் கேட்டு, பொறுக்க மாட்டாமல் அவளாகவே வந்திருக்கிறாள்.

அந்த அறைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஒரு கதவுதான். தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது.

பிள்ளைகளைக் கூப்பிட்டேன். "அம்மா தண்ணி கேட்டாங்களா?"

"கேட்டாங்கப்பா," என்றான் தண்டபாணி. "யாராவது தண்ணி குடுங்கன்னாங்க."

"கேட்டு?"

"தொட்டி நிறைக்கிறதுதான்பா என்னுது. மொண்டு குடுக்கிறது அடுப்படிக்காரவங்க வேலைன்னு நெனச்சேன்."

"எனக்கு அடுப்பு, அரிசி, துணிதானேப்பா," என்றாள் வள்ளி. "சோறு ஆச்சும்மான்னு வாசல்ல நின்னு சொன்னேன். அம்மா எந்திரிச்சு வரல. அண்ணன் தண்ணி குடுத்திருப்பான்னு இருந்துட்டேன்."

முத்து தேம்பிக்கொண்டிருந்தான். பிறகுதான் விஷயம் வந்தது. அவன் தம்ளரை எடுத்துக்கொண்டு தொட்டிக்கிட்டே போயிருக்கிறான். தண்டபாணி பார்த்து, "டேய், அது உன் நெரை இல்லடா, அப்பா ஏசுவாங்க," என்றிருக்கிறான். இவன் தம்ளரைத் திரும்ப வைத்துவிட்டு வாசல் பெருக்கப் போய்விட்டான்.

என் பிள்ளைகள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. ஊரில் யாரும் அப்படி நினைத்துவிடக் கூடாது. தாய் மேல் ஆசை இல்லாமலா அவன் தேம்பினான்? ஆளுக்கு ஆள் மற்றவர் பார்த்திருப்பார் என்று நம்பியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒழுங்குப்படி அன்றைக்கு ஒரு வேலையும் விட்டுப்போகவில்லை. வீட்டில் இருந்த எல்லாவற்றையும் நான் ஒருவர் பொறுப்பில் விட்டிருந்தேன். செல்லம்மாளை மட்டும் யார் பொறுப்பிலும் விடவில்லை. அவளும் 'யாராவது' என்றே கடைசி வரை கூப்பிட்டிருக்கிறாள், அவள் பழக்கம் அது.

6

அரசாங்க ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கே மருந்து கொடுக்கிற டிரெசர் நம்மவர். இன்னும் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார். அவள் பிழைத்தாள், ஆனால் காய்ச்சல் முழுக்க விடவில்லை. விட்டு விட்டு வந்தது. எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்து படுக்கையில் கிடந்தாள். பிள்ளைகள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. என் மேலும் காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை.

அவள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், நான் கூப்பிடாமலே மூவரும் வந்து வரிசையில் நின்றார்கள். தண்டபாணிதான் கேட்டான். "அம்மா யாரு நெரைப்பா?"

அந்த இடத்தில் நான் வரிசையைக் கலைத்திருக்க வேண்டும். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு, அம்மா எல்லாருக்கும்டா என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது எழுதும்போது எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். அப்போது இத்தனை வருஷத்துப் பழக்கம் வாயைத் திறந்து, "வள்ளி" என்றது.

"சரிங்கப்பா," என்றாள் வள்ளி.

அவள் பார்த்துக்கொண்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. கஞ்சி சரியான சமயத்தில் வரும். மருந்து வரும். தலையணை உறை வெளுத்து வரும். கஞ்சியை வைத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை நின்று, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். என்னைக் கண்டதும், "அம்மாவுக்குக் கஞ்சி ஆச்சுப்பா," என்பாள்.

ஒரு சாயங்காலம் நான் செல்லம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வள்ளி கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே போனதும் இவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னையும் ஒரு நெரையா ஆக்கிட்டீங்களே," என்றாள்.

மறுநாளிலிருந்து பெரட்டு கிடையாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். திருதிருவென்று விழித்தார்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டதற்குத் தண்டனை என்று நினைத்தார்களோ என்னவோ. பெயர் கூப்பிடாவிட்டாலும் தண்டபாணி வாளியை எடுத்துக்கொண்டு போனான், முத்து கந்தைத் துணியைத் தேடினான், வள்ளி அடுப்பை மூட்டினாள். ஒருநாள் நானே வாய் கூசாமல், "யாராவது அம்மா பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காருங்களேன்," என்று குரல் கொடுத்தேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

7

டிரெசர் ஊர்க்காற்றுப் படட்டும் என்றார். செல்லம்மாளின் அண்ணன் தஞ்சாவூரில் இருக்கிறார். அவரும் அனுப்பி வைக்கச் சொன்னார். கூட்டிக்கொண்டு போக நான் லீவு கேட்டேன். எங்கள் மேலதிகாரி மனுவை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். ஊழியனுடைய உடம்புக்கு நோய் என்றால் லீவு உண்டாம், சம்சாரத்தின் உடம்பைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லையாம். பினாங்கு வரை போய் ஏற்றிவிட்டு வர அனுமதி கிடைத்தது. கப்பலில் நாகப்பட்டினம் போகிற தெரிந்த குடும்பம் ஒன்று துணைக்கு இருந்தது. ஆனாலும் செல்லம்மாள் பிள்ளைகளில் ஒருவராவது தன்னோடு வர வேண்டும் என்றாள். மூவரையும் அனுப்ப எங்களால் ஆகாது. ஒருவர் போகலாம்.

புறப்படுவதற்கு முந்திய சாயங்காலம், விளக்கு ஏற்றியிருந்தோம். அவள் எழுந்து உட்கார்ந்து பிள்ளைகளைக் கூப்பிட்டாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

"யாரு அம்மாகூட ஊருக்கு வர்றீங்க?" என்று கேட்டாள்.

கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருக்கும். ஆனாலும் தாய் மனசு, கேட்டுப் பார்த்தாள். யாராவது ஒரு பிள்ளை, நான் வாரேம்மா என்று தாவி வரும் என்று ஓர் ஆசை. எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஒரு பிள்ளை வாய் திறந்துவிட்டால் போதும், மற்ற இருவரும் அடம் பிடித்து அழுதாலும் சரி, அந்த அழுகையைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

ஒருவரும் நகரவில்லை. தண்டபாணி என்னைப் பார்த்தான். வள்ளி என்னைப் பார்த்தாள். முத்து அண்ணனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அவர்கள் கண்ணில் ஆசை இல்லாமல் இல்லை. முத்துவின் கை அம்மாவின் புடவையை நோக்கிப் பாதி போய் நின்றுவிட்டது. பெயர் சொல்ல வேண்டியவன் நான் அல்லவா? நான் சொல்லவில்லை. இந்த ஒரு தடவை என் வாயால் வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நேரம் போயிற்று. செல்லம்மாளின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

கடைசியில் அவளே விட்டுக்கொடுத்தாள். "சரி, நீங்களே ஒரு பேரைச் சொல்லிருங்க," என்றாள் என்னிடம். "எனக்கு ஒரு புள்ள கூட வரணும்."

"வள்ளி," என்றேன்.

"சரிங்கப்பா," என்று சொல்லி வள்ளி தன் பாவாடைகளை எடுத்துவந்து, மடிப்புக் கலையாமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். முத்து சுவரில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பினாங்குத் துறைமுகத்தில் வழக்கமான கெடுபிடிகள். ஒரு ஜன்னலில் நின்றால் அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே மேசையில் இருந்த நம்மவர் வள்ளியைப் பார்த்து, "எங்கே பிறந்தே?" என்றார். "சுங்கை சிப்புட்." "அப்ப அங்க யாரைப் பாக்கப் போறே?" அவள் கொஞ்சம் யோசித்து, "அப்பா போகச் சொன்னாங்க," என்றாள். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். செல்லம்மாள் சிரிக்கவில்லை.

கப்பல் தள்ளி நின்றது. தோணியில்தான் போய் ஏற வேண்டும். துணைக்கு வந்த குடும்பத்துப் பெண்கள் செல்லம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கி உட்கார வைத்தார்கள். வள்ளி படியில் என் பக்கத்தில் மூட்டையோடு நின்றாள்.

"கப்பல்ல நான் என்னப்பா செய்யணும்?" என்று கேட்டாள்.

"அம்மா பக்கத்துல இரு."

"இருந்து?"

"சும்மா உக்காந்திரும்மா. பேச்சுக் குடு. கையைப் பிடிச்சுக்க."

அவள் நெற்றியைச் சுருக்கினாள். இத்தனை நாளில் நான் பிரித்துக் கொடுத்த எதிலும் இப்படி ஒன்று இருந்ததில்லை.

"அது வேலையாப்பா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லை என்று சொன்னால் செய்யாமல் இருந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"ஆமாம்மா," என்றேன். "வேலைதான்."

"சரிங்கப்பா," என்று சொல்லி இறங்கினாள். தோணி நகர்ந்தது. அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூட்டையைக் காலடியில் வைத்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு, சரியாகச் செய்கிறேனா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.